பயிர் காசானதும் அது யாருடைய பயிர்?

பருத்தி, கரும்பு, தேயிலை, நிலக்கடலை, கோகோ என்று வீட்டுச் சாப்பாட்டுக்கு இல்லாமல் சந்தைக்காகவே போடும் பயிர்களைப் பணப்பயிர் என்கிறோம். ஒரு ஊருக்குப் புதிதாக ஒரு பணப்பயிர் வரும்போது அரசாங்கம், வங்கி, கம்பெனி எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: விவசாயக் குடும்பத்தின் வருமானம் கூடும். பல இடங்களில் கூடவும் செய்கிறது. ஆனால் "குடும்பத்தின் வருமானம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும்போது பெரிய விஷயம் ஒன்றைத் தாண்டிப் போய்விடுகிறோம். அந்தப் பணம் யார் கைக்கு வந்தது, யாருக்கு வேலை கூடியது, நிலம் யார் பெயரில் இருக்கிறது, கம்பெனி ஆள் வந்தால் யாரைத் தேடிப் போய்ப் பேசுகிறார், இதெல்லாம் ஒரே வீட்டுக்குள் ஆணுக்கு ஒரு மாதிரியும் பெண்ணுக்கு வேறு மாதிரியும் இருக்கும். பணப்பயிர் விவசாயத்தில் பாலினமும் அதிகாரமும் என்று ஆய்வாளர்கள் பேசுவது இதைப் பற்றித்தான்.

இங்கே அதிகாரம் இருக்கும் இடங்கள் ரொம்பச் சாதாரணமானவை. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் வாங்க சிட்டா, அடங்கல் கேட்பார்கள். கரும்பு போட்டால் ஆலையில் பதிவு செய்ய வேண்டும், பதிவு நிலம் வைத்திருப்பவர் பெயரில் நடக்கும், வெட்டு உத்தரவு அவர் பெயருக்கு வரும், பணமும் அவர் கணக்கில்தான் ஏறும். கரணை நட்டது, களை வெட்டியது, தோகை உரித்தது யார் என்று அந்தக் காகிதங்கள் எதிலும் கேள்வியே கிடையாது. பட்டா கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தால், அந்தத் தோட்டத்தில் இருபது வருடம் பாடுபட்ட பெண்ணுக்கு ஆலையைப் பொறுத்தவரை அடையாளமே இல்லை. இதில் யாரும் யாரையும் மிரட்டவில்லை, விதிகள் அப்படி எழுதப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். அதனால்தான் இதைக் கவனிப்பதும் கஷ்டமாக இருக்கிறது.

வேலையின் அளவைப் பார்த்து அதிகாரத்தை எடை போட முடியாது என்பது இதிலிருந்து புரியும். "எங்க ஊரில் வயல் வேலை முழுக்கப் பொம்பளைங்கதான் பாக்குறாங்க" என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உண்மைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வேலை செய்யும் பெண்களில் 100க்கு 65 பேர் விவசாயத்தில்தான் இருந்தார்கள். அதே நாட்டில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பைப் பார்த்தால், சாகுபடி நிலத்தை நடத்துபவர் என்று பதிவானவர்களில் பெண்கள் 100க்கு சுமார் 14 பேர், பரப்பளவில் அவர்கள் பங்கு இன்னும் குறைவு, 12 சதவீதத்தை ஒட்டி. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் இந்தக் கட்டுரையின் மொத்த விஷயமும் இருக்கிறது.

குடும்பம் ஒரே பணப்பை கிடையாது

பொருளாதாரப் பாடங்களில் நெடுங்காலம் குடும்பத்தை ஒரே ஆள் மாதிரி வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். வீட்டுக்குள் வரும் பணம் ஒரே பையில் விழும், குடும்பத்துக்கு எது நல்லதோ அதைத் தலைவர் முடிவு செய்வார், எல்லோருக்கும் பலன் போய்ச் சேரும் என்ற எண்ணம். டென்மார்க்கைச் சேர்ந்த எஸ்தர் போசரப் 1970இல், விவசாய நவீனமயம் ஆண்களையும் பெண்களையும் ஒரே மாதிரி தொடுவதில்லை என்று எழுதியபோதுதான் இது பெரிய அளவில் பேச்சுக்கு வந்தது. காலனி அதிகாரிகள் ஆப்பிரிக்காவில் பணப்பயிரையும் புதுக் கருவிகளையும் பயிற்சியையும் ஆண்களுக்கே கொடுத்தார்கள், உணவுப் பயிர் செய்த பெண்கள் பழைய மண்வெட்டியோடு நின்றுபோனார்கள் என்று அவர் காட்டினார்.

அப்புறம் வந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது பொருளியலாளர் கிறிஸ்டோபர் உட்ரி 1996இல் வெளியிட்டது. புர்கினா ஃபாசோ நாட்டில் கணவனும் மனைவியும் தனித்தனித் துண்டு நிலங்களில் பயிர் செய்யும் வழக்கம் உண்டு. நம் ஹைதராபாத் பக்கம் பதஞ்செருவில் தலைமையகம் வைத்திருக்கும் இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் அங்கே வீடு வீடாகச் சேகரித்த விவரங்களை எடுத்து, ஒரே வீடு, ஒரே வருடம், ஒரே பயிர், ஆனால் ஒரு துண்டு ஆணுடையது, இன்னொன்று பெண்ணுடையது என்றால் விளைச்சல் எப்படி இருக்கிறது என்று அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். பெண்ணின் நிலத்தில் விளைச்சல் சுமார் 30 சதவீதம் குறைவு. பெண்களுக்கு விவசாயம் தெரியாததால் வந்த குறைவு என்று யாராவது அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. வீட்டிலிருந்த எருவெல்லாம் கிட்டத்தட்ட முழுசாக ஆணின் நிலத்துக்கே போயிருந்தது, அங்கே வேலைக்கும் அதிகம் பேர் இறங்கியிருந்தார்கள். எருவில் கொஞ்சத்தை மனைவியின் நிலத்துக்கு மாற்றியிருந்தாலே அந்த வீட்டின் மொத்த விளைச்சல் கூடியிருக்கும். ஆனாலும் மாற்றவில்லை. குடும்பம் ஒரே ஆளாக இருந்திருந்தால் இப்படி நடக்க வாய்ப்பே இல்லை. மொத்தத்தில் நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை, என் கையில் இருப்பது என் கையிலேயே இருக்கட்டும் என்ற கணக்கு ஒரு வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

காம்பியாவின் நெல்வயல்கள்

ஒரு பயிர் பணப்பயிராக மாறும் அந்தத் தருணத்தில் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா அளவுக்குத் தெளிவான இடம் வேறு எனக்குத் தெரியாது. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

காம்பியா மிகச் சிறிய நாடு. ஆற்றின் இரு கரையும் சேர்ந்ததுதான் நாடு, கடல் பக்கம் தவிர மற்ற எல்லாப் பக்கமும் செனகல். 1830களிலிருந்தே அங்கிருந்து நிலக்கடலை ஏற்றுமதியாகிறது. மேட்டு நிலத்தில் நிலக்கடலை போடுவது ஆண்கள், ஆற்றோரச் சதுப்பில் நெல் போடுவது பெண்கள் என்று மாண்டிங்கா மக்களிடையே வேலை பிரிந்திருந்தது. கடலை விற்ற காசு ஆணுக்கு, வீட்டுச் சோறு பெண்ணின் நெல்லிலிருந்து.

நிலத்திலும் இரண்டு வகை வைத்திருந்தார்கள். ஒன்று மருவோ, அதாவது குடும்பப் பொது நிலம். அதில் எல்லோரும் உழைக்க வேண்டும், விளைச்சல் குடும்பத் தலைவர் பொறுப்பில் போகும், சாப்பாட்டுக்கு ஆகும். இன்னொன்று கமன்யாங்கோ, தனி ஆளின் நிலம். பொது நிலத்தில் உழைத்துக் கொடுத்ததற்குப் பதிலாக ஒருவருக்குக் கிடைக்கும் துண்டு அது, அதில் விளைவது உழுதவருக்கே சொந்தம், விற்றால் காசும் அவருக்கே. சதுப்பைத் தானே வெட்டித் திருத்திய பெண் அதைக் கமன்யாங்கோவாக வைத்துக்கொண்டு மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகவும் முடிந்தது. பெண்ணுக்கு எல்லாம் சமமாக இருந்த ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவளுக்கென்று ஒரு பிடி இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க இந்தப் பிடியைப் பற்றித்தான்.

நாடு 1965இல் சுதந்திரம் பெற்றபின் அரிசி இறக்குமதியைக் குறைக்க வேண்டும் என்று பாசன நெல் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலில் தைவான் நிபுணர்கள், அப்புறம் உலக வங்கி, அப்புறம் சீனா. நெல் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் பயிர். ஆனால் பயிற்சி, கடன், பாசன நிலம் எல்லாமே ஆண்களைத் தேடிப் போனது. விவசாயி என்றால் ஆண் என்று திட்டம் போட்டவர்கள் மனதில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள்.

இந்தத் தவறை இனிச் செய்ய மாட்டோம் என்று வந்ததுதான் 1984இல் தொடங்கிய ஜஹாலி-பச்சார் திட்டம். ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம் முன்னின்று நடத்தியது, சுமார் 1,500 ஹெக்டேர். பெண்களுக்கு நிலம் கிடைக்க வேண்டும் என்று திட்டத்தின் நோக்கத்திலேயே இருந்தது. டிராக்டர் உழவு, விதை, உரம் எல்லாம் திட்டம் முன்கூட்டியே கொடுக்கும், அறுவடையில் நெல்லாகத் திருப்பிக் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் நிலம் போய்விடும். ஒப்பந்த விவசாயம்தான், கம்பெனிக்குப் பதில் திட்டம். மோட்டார் பாசனத்தில் வருடத்துக்கு இரண்டு போகம்.

முதல் பதிவில் பாசனத் துண்டுகள் குடும்பத் தலைவர்களான ஆண்கள் பெயரில் போயின. பெண்கள் எதிர்த்தார்கள், பதிவு மாற்றப்பட்டது, பெரும்பாலான துண்டுகளில் பெண்கள் பெயர் ஏறியது. வெளியிலிருந்து பார்த்தால் வெற்றி. ஆனால் இரண்டு போகத்துக்கும் வேண்டிய ஆள் வேலையை வீட்டுக்குள்ளிருந்தே திரட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியில், அந்த நிலங்களை மருவோ என்று வகைப்படுத்தினார்கள். பொது நிலம் என்று ஆனதும் எல்லோரும் அதில் உழைத்தாக வேண்டும், விளைச்சலோ தலைவரிடம் போகும். காகிதத்தில் அவள் பெயர், விளைச்சலில் அவர் பேச்சு. தாய் வெட்டித் திருத்திய சதுப்பு நிலம் பாசனத்துக்குள் வந்ததும் மகள் தன் தனி உரிமையை இழந்தாள், வேலையோ முன்பு ஒரு போகம், இப்போது இரண்டு.

நிலம் பெண் பெயரில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் (நானும் பட்டா பற்றி மேலே அவ்வளவு சொல்லியிருக்கிறேன்) இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். பெயர் வேண்டும், அது இல்லாமல் எதுவும் ஆகாது. ஆனால் பெயர் ஒரு பக்கம் இருக்க, விளைந்ததை யார் விற்கலாம், யாருடைய உழைப்பை யார் கேட்டு வாங்கலாம் என்பது வேறு ஒரு பக்கம். ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொள்ள முடியும் என்று காம்பியாவில் தெரிந்துபோனது.

அந்தப் பெண்கள் அதை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. சில வீடுகளில் பேரம் பேசி, வேறு பாசனத் துண்டு ஒன்றைத் தனி நிலமாக வாங்கினார்கள். சில வீடுகளில் பொது நிலத்தில் உழைத்ததற்கு அறுவடை நெல்லில் பங்கு வாங்கினார்கள். எதுவும் கிடைக்காத வீடுகளில் கணவரின் வயலில் இறங்குவதை நிறுத்திவிட்டு, பெண்கள் சேர்ந்து குழுக்களாகி மற்றவர் வயலில் நாற்று நடவும் அறுக்கவும் கூலிக்குப் போனார்கள். இரண்டு போக நெல் அவர்கள் கை இல்லாமல் நடக்காது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். திட்ட அதிகாரிகள் ஏன் உற்பத்தி எதிர்பார்த்த அளவு வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் வீட்டுக்குள் நடந்த இந்தச் சண்டைதான்.

அதே காம்பியாவில், ஆற்றின் வடகரையில் கெரவான் பக்கம், இன்னொரு விஷயம் நடந்தது. 1970களிலிருந்து மழை பொய்த்தது, கடலை விலையும் ஆதாயமும் விழுந்தது, ஆண்களின் வருமானம் சுருங்கியது. தாழ்வான நிலத்தில் வேலி போட்டு, கிணறு வெட்டி, கோடையில் காய்கறித் தோட்டம் போட்ட பெண்களுக்கு வெங்காயமும் தக்காளியும் முட்டைகோஸும் நல்ல காசு கொடுத்தன. தொண்டு நிறுவனங்களும் உதவின. பல வீடுகளில் மனைவியின் வருமானம் கணவருடையதைத் தாண்டியது. காலையும் மாலையும் தண்ணீர் இறைக்கப் போகும் மனைவிகளைப் பார்த்து "இரண்டாவது புருஷனிடம் போய்விட்டார்கள்" என்று ஆண்கள் குறைபட்டார்கள். பெண்களோ வீட்டுச் செலவை மெல்ல மெல்லத் தங்கள் தலையில் எடுத்துக்கொண்டார்கள், கணவருக்கும் கைமாற்றுக் கொடுத்தார்கள், அது திரும்பி வராது என்று தெரிந்தே கொடுத்தார்கள். தோட்டத்துக்குப் போய்வரும் சுதந்திரத்துக்கு அது விலை.

அடுத்து என்ன ஆனது? 1980களின் நடுவிலிருந்து சுற்றுச்சூழல் என்ற பெயரில் மரம் வளர்ப்புக்குப் பணம் வர ஆரம்பித்தது. அந்த நிலத்துக்கு உரிமை பேசிய ஆண்கள், பெண்களின் தோட்டத்துக்குள்ளேயே மா, ஆரஞ்சு கன்றுகளை வைத்தார்கள். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? காய்கறிக்குத் தண்ணீர் இறைக்கும் அதே பெண்கள். அவர்கள் போட்ட வேலி, அவர்கள் கிணறு, அவர்கள் இட்ட எரு. மரம் வளர்ந்து நிழல் விழுந்ததும் கீழே காய்கறி செத்துவிடும், தோட்டம் பழத்தோப்பாகி நிலக்காரருக்குப் போய்விடும். பெண்கள் கிளைகளை வெட்டினார்கள், சில மரங்களுக்குத் தீயும் வைத்தார்கள். சுற்றுச்சூழலுக்கு எதிரான செயல் என்று இதை ஒருவர் எழுதலாம். நான் அப்படி எழுத மாட்டேன். மரம் நடுவது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது, யாருடைய தண்ணீரில், யாருடைய பயிருக்கு மேல், யாருக்காக நடுகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

வேறு பயிர், அதே கேள்வி

கானாவில் கோகோ. அகான் மக்களிடையே சொத்து தாய்வழியில் போகும், அதாவது ஒருவர் இறந்தால் அவர் சொத்து பெரும்பாலும் சகோதரியின் மகனுக்கு. மனைவி வேறு வழியைச் சேர்ந்தவள். கோகோ கன்று வைத்துப் பலன் பார்க்கச் சில வருடங்கள் ஆகும், அந்த வருடங்களில் களை எடுத்துக் கன்றைக் காப்பாற்றுவதில் மனைவியின் உழைப்பு நிறைய. கணவர் இறந்ததும் தோப்பு மருமகன் முறைக்காரருக்குப் போய்விடும், அவளுக்குக் கையில் ஒன்றும் இருக்காது. 1985இல் அரசு கொண்டுவந்த வாரிசுச் சட்டம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெரும்பங்கு கொடுத்தது. சட்டத்துக்கு வெளியேயும் ஒரு வழி உண்டானது: தோப்பில் உழைத்த மனைவிக்குக் கணவர் உயிரோடிருக்கும்போதே, சாட்சிகள் முன்னால், முறைப்படி பானம் வைத்து, நிலத்தில் ஒரு பகுதியைத் தானமாகக் கொடுத்துவிடுவது. கோகோவுக்குப் பெண் உழைப்பு எவ்வளவு தேவைப்பட்டதோ அந்த அளவுக்கு இந்தத் தானமும் பெருகியது. அதாவது தேவைப்படுகிற உழைப்புக்குப் பேரம் பேசும் பலம் உண்டு.

கென்யாவின் மேரு பகுதியில் காய்கறி என்பது பெண்களின் வேலை, பெண்களின் சில்லறை. ஐரோப்பியச் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு பிரெஞ்சு பீன்ஸ் அனுப்ப ஆரம்பித்ததும் ஏற்றுமதிக் கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டது நிலம் வைத்திருந்த ஆண்களோடு. பறிப்பதும் தரம் பிரிப்பதும் பெண்கள், பணம் வருவது ஆண் கைக்கு. இங்கே பீன்ஸ் அதே பீன்ஸ்தான், வேலையும் அதேதான், வாங்குகிறவர் மட்டும் மாறினார்.

இந்தியாவில் கலப்பினப் பருத்தி விதை இன்னொரு விதமான உதாரணம். 1970இல் குஜராத்தில் எச்-4 என்ற கலப்பின ரகம் வந்தபின், விதை உண்டாக்க ஒவ்வொரு பூவிலும் கையாலேயே மகரந்தப் பையை நீக்கி, மறுநாள் வேறு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டியிருந்தது. பல மாதம் நீளும் நுணுக்கமான வேலை. ஆந்திரத்திலும் பிற மாநிலங்களிலும் இதற்குச் சிறுமிகளை ஏராளமாகப் பிடித்து வந்தார்கள், பெற்றோருக்கு முன்பணம் கொடுத்து, பெரியவர்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த கூலிக்கு. "பெண் பிள்ளைகளின் விரல்தான் இதற்கு ஏற்றது" என்று காரணம் சொன்னார்கள். விரலைப் பற்றிய பேச்சு அங்கே எதற்கு வந்தது என்றால் கூலியைக் குறைக்க. இந்தப் பேச்சை எங்கே கேட்டாலும் சந்தேகப்படுங்கள், தேயிலைக் கொழுந்து பறிப்பதிலும் இதையேதான் சொல்வார்கள்.

தேயிலைக்கு வந்துவிட்டோம், மூணாறைச் சொல்லாமல் போக முடியாது. அங்கே கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய குடும்பங்களின் பெண்கள். லயத்தில் குடியிருப்பு, விடியும் முன் எழுந்து சமையல், அப்புறம் மலைச்சரிவில் நாள் முழுக்கக் கூடையோடு நிற்பது. கண்காணிப்பவர், எடை போடுபவர், தொழிற்சங்கத் தலைவர், மேலாளர் எல்லோரும் ஆண்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், கண்ணன் தேவன் நிறுவனம் 2005இல் தொழிலாளர்களும் பங்கு வைத்திருக்கும் கம்பெனியாக மாறிவிட்டது. காகிதப்படி அந்தப் பெண்கள் பலரும் பங்குதாரர்கள். அதே நிறுவனம் 2015இல் போனஸ் 10 சதவீதம்தான் என்று அறிவித்தபோது தங்களிடம் யாரும் கேட்கவில்லை என்று அவர்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

2015 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ், 232 ரூபாயாக இருந்த தினக்கூலி 500 ஆக வேண்டும் என்பது கோரிக்கை. சங்கத் தலைவர்கள் வந்தபோது அவர்களைக் கிட்டேயே சேர்க்கவில்லை. எத்தனை வருடமாக எங்கள் பெயரைச் சொல்லிப் பேச்சுவார்த்தைக்குப் போய் நீங்கள் வசதியாகிவிட்டீர்கள் என்ற கோபம் அதில் இருந்தது. பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று அதற்குப் பெயர் வந்தது. ஒன்பது நாளில் போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. கூலி 500 ஆகவில்லை, அதற்கு அடுத்த மாதம் நடந்த பேச்சுவார்த்தையில் தேயிலைக்கு 301 ரூபாய் என்று முடிந்தது. அந்தப் பேச்சுவார்த்தை மேஜையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் பழைய சங்கங்களின் தலைவர்களே. சாலையில் உட்கார்ந்து வாங்க முடிந்ததற்கும் மேஜையில் உட்காராததால் வாங்க முடியாமல் போனதற்கும் உள்ள தூரத்தை அந்த இரண்டு எண்களிலும் பார்க்கலாம்.

நம் பக்கத்தில் என்ன மாறியிருக்கிறது

சரி, நிலத்துக்கே திரும்புவோம். தமிழ்நாடு 1989இலேயே இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை என்று சட்டம் திருத்தியது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான பெண்கள் அதில் சேரவில்லை. 2005இல் நாடு முழுவதுக்கும் வந்த திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. 2005இல் அப்பா உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்து, மகளின் உரிமை பிறப்பால் வருவது, அப்பா அன்றைக்கு இருந்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று சொல்லிவிட்டது. சட்டம் இவ்வளவு தெளிவு. ஆனால் கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செய்தாச்சு, இனி நிலத்தில் என்ன பங்கு என்று கேட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வது இன்றைக்கும் சாதாரணமாக நடக்கிறது. அண்ணன் தம்பி உறவு கெட்டுவிடுமே, பிறந்த வீட்டு வாசல் மூடிவிடுமே என்ற பயத்தில் போடும் கையெழுத்து அது.

நிலமில்லாமல் விவசாயம் செய்யும் பெண்ணுக்கு அரசுத் திட்டங்களிலும் இடம் குறுகலே. வருடத்துக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் நிலப் பதிவை வைத்துத்தான் வருகிறது. குத்தகைக்கு எடுத்துப் பருத்தி போடும் பெண்ணோ, கணவர் பெயரிலுள்ள நிலத்தை அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனபின் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பெண்ணோ தன்னை விவசாயி என்று நிரூபிக்கக் காகிதம் ஒன்றுமில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது இதற்காகவே ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், பெண் விவசாயிகள் உரிமைகள் மசோதா 2011. நிலம் யார் பெயரில் இருந்தாலும் பயிர் செய்யும் பெண்ணுக்கு விவசாயி என்று சான்றிதழ், அதை வைத்துக் கடன், தண்ணீர், விதை உரிமை. அது சட்டமாகாமலே காலாவதியானது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது, ஏனென்றால் நிலத்தைப் பிரித்துக் கொடுப்பது தலைமுறை வேலை, சான்றிதழ் ஒரு வருட வேலை.

நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் வேறு விதமாக முயன்றவர்கள் இருக்கிறார்கள். காந்தியவாதித் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, பெரிய பண்ணையார்களிடமிருந்து நிலத்தை வாங்கி நிலமற்ற தலித் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது பெண்கள் பெயரிலேயே பதிவு செய்தது. 1990களில் அதே கடற்கரையில் ஏற்றுமதிக்கான இறால் பண்ணைகள் வந்து நெல் வயலையும் குடிநீரையும் உப்பாக்கியபோது எதிர்த்து நின்றவர்களில் இந்தப் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள், ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கடற்கரை இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. இறாலும் ஒரு பணப்பயிர் மாதிரிதான், வயலை எடுத்துக்கொண்டது, நடவும் களையெடுப்பும் போனதில் பெண்களின் கூலி நாட்கள் போயின, பண்ணைக்குக் காவல் இருக்கச் சில ஆண்களுக்கு மட்டும் வேலை வந்தது.

இப்போது ஆதிதிராவிடர் மேம்பாட்டுக்கான அரசு நிறுவனமான தாட்கோ வழியாக நன்னிலம் என்ற திட்டம் இருக்கிறது, ஆதிதிராவிடப் பெண்கள் விவசாய நிலம் வாங்க விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. காம்பியாவில் நடந்ததை வைத்துப் பார்த்தால், கட்டணத்தை மிச்சப்படுத்த மனைவி பெயரில் பதிந்துவிட்டு விற்பனை, கடன், கணக்கு எல்லாவற்றையும் முன்போலவே வைத்துக்கொள்ளும் வீடுகளும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும்.

ஆகவே உங்கள் ஊருக்கு ஒப்பந்த விவசாயமோ புதுப் பயிரோ வந்தால், ஏக்கருக்கு எவ்வளவு லாபம் என்று விசாரிக்கும்போதே இதையும் விசாரியுங்கள். ஒப்பந்தம் யார் பெயரில்? பணம் எந்தக் கணக்கில் ஏறும், அந்தக் கணக்கின் ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கும்? பயிற்சிக் கூட்டம் எத்தனை மணிக்கு, அந்த நேரத்தில் வீட்டுப் பெண்கள் வர முடியுமா? களைக்கொல்லியும் அறுவடை இயந்திரமும் வந்தால் யாருடைய கூலி நாட்கள் போகும், ஆம்பளை கூலியா பொம்பளை கூலியா? கடன் கட்ட முடியாமல் போனால் யார் நகை அடகுக்குப் போகும்? கம்பெனி ஆளிடம் கேட்டால் முதல் இரண்டுக்கும் பதில் கிடைக்கும். மற்றவற்றுக்கு அந்தப் பயிரை ஏற்கெனவே ஒரு போகமாவது போட்ட பக்கத்து ஊருக்குப் போய், வேலை செய்த பெண்களிடம், வீட்டு ஆண்கள் கூட இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்க வேண்டும்.